காலி பில்டரும் கைராசியும்

மகனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. இலத்தூர் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, கூட்டாளிகளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பதாகத்தான் சொல்கிறார்கள். கட்டின பெண்டாட்டியைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு மூன்று மாதமாகத் திரும்பிப் பார்க்காதவனுக்கு அப்படி ஒரு பசி எடுப்பது பெரிய விசேஷம்தான். இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. நாலாக மடித்து பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழியில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டட்டும். உன் பெண்டாட்டி செண்பகத்தின் கையைப் பற்றி நீங்கள் தெருவில் நின்று பேசினீர்கள். பதிலும் தெரு வழியாகத்தான் வர வேண்டும். நேரில் போய்ச் சொல்லலாமே என்று உன் அம்மா சொன்னாள். நேரில் வந்தால் எனக்குக் கை நீளும். கல்யாணமான மகனை அடித்தான் என்ற பெயர் இந்த வயதில் எனக்கு வேண்டாம்.

நடந்தது என்ன என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ ஊரில் சொல்லிக்கொண்டு திரிவது வேறு. வைகாசியில் உனக்குக் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே ஒரு பழைய புல்டோசரை வாங்கிப் போட்டிருந்தாய். மதுரையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து இஞ்சினைப் பிரித்து, புதுப் பேரிங் போட்டுப் பூட்டி வைத்திருந்தாய். ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த நாளில், புது ஆயில் ஊற்றி, ஆயிலை வடிகட்டுகிற பில்டரையும் புதிதாகப் போட்டு, மிஷினுக்கு மாலையும் போட்டாய். புதுப் பெண்டாட்டி கையால் ஸ்டார்ட் செய்தால் தொழில் விருத்தியாகும் என்று உனக்கு யோசனை சொன்னவர் உங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. அவர் நாள் குறித்துக் கொடுக்காமல் அந்தப் பக்கத்தில் ஒரு கோழி முட்டையிடாது. பெற்ற தகப்பனை மட்டும் நீ கூப்பிடவில்லை. சகுனம் பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று உனக்குத் தெரியும், அந்தப் பயம். மேளம் அடித்தார்களாம், சங்கிலிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்களாம். பட்டுச்சேலை கட்டிய அந்தப் பெண் ஒரு பிடியைத் தள்ளினாள், இஞ்சின் கர்ஜித்தது, ஊரே கை தட்டியது. மூன்றாம் நாள் ஐந்தருவி வழியில் ஒரு தோப்பைச் சமப்படுத்திக்கொண்டிருக்கும்போது இஞ்சின் தட்ட ஆரம்பித்து, அப்படியே இறுகி நின்றுவிட்டது. அன்று மாலையே அவள் கை ராசியில்லாத கை என்று தீர்ப்பாகிவிட்டது.

இஞ்சினை லாரியில் ஏற்றித் தென்காசிக்கு, என் ஷெட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினாய். உன் முகத்தில் கவலை இல்லை, குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்த போலீஸ்காரன் முகம்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து, உள்ளே இருக்கிற செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நிறைய நாள் ஓடித் தேய்ந்த தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். இது ஆயிலே இல்லாமல் உரசின காயம். ஆயில் தொட்டியிலோ ஆயில் நிறைய இருந்தது. அப்போது உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? மறந்திருப்பாய், உனக்கு வேண்டாதது எதுவும் உன் மண்டையில் தங்காது.

"புது பில்டர் போட்டியே, அதுல ஆயில ரொப்பிட்டுத்தானே மூடுன?" என்றேன்.

"அதுக்கு எங்கனப்பா நேரம்? எமகண்டம் வந்துட்டு இருக்குன்னு அண்ணாச்சி நிக்க விடல" என்றாய்.

"குட்டி இஞ்சின வச்சு எவ்ளோ நேரம் சுத்தவிட்ட?"

"சும்மா சுத்தவிடக் கூடாதுன்னுட்டாரு, சுத்துனதும் டீசலத் தொறக்கணுமாம். ஒரே பிடியில பிடிக்கணுமாம். இழுத்தா அபசகுனமாம்."

எமகண்டத்துக்குப் பயந்து நீயே எமனைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்திருக்கிறாய். இதைச் சொல்லும்போது உனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

ஆயில் மாற்றுவது என்றால் பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றுவது என்று நினைக்கிற மேதைகளே இந்தத் தாலுகா முழுவதும் இருக்கிறார்கள். அதற்கு ஒரு மனிதன் எதற்கு, ஒரு புனல் போதுமே. இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்க வேண்டும், அப்போதுதான் அழுக்கும் கூடவே இறங்கும். பில்டர் மாற்றினால் அது உட்காருகிற கிண்ணம் காலியாகத்தான் இருக்கும். அதில் நல்ல ஆயிலைத் துணியில் வடிகட்டி நிரப்பிவிட்டு மூட வேண்டும். நிரப்பாமல் விட்டால், பம்ப் முதலில் அந்தக் காலிக் கிண்ணத்தையும் குழாய்களையும் நிரப்பிக்கொண்டிருக்கும். அது முடிந்த பிறகுதான் பேரிங்குக்கு ஒரு சொட்டு போகும். அதுவரைக்கும் இரும்பும் இரும்பும் உரச வேண்டியதுதான். சாரல் குளிரில் ஆயில் வேறு கெட்டியாகி, நகரவே யோசிக்கும். மிஷின் செய்தவன் உன்னைப்போல ஆட்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று தெரிந்துதான் பெரிய இஞ்சினைச் சுற்றிவிட ஒரு குட்டி பெட்ரோல் இஞ்சினை வைத்திருக்கிறான். டீசலைத் திறக்காமல், பெரிய இஞ்சினை அது சும்மா உருட்டிக்கொண்டே இருக்கும். ஆயில் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜில் முள் ஏறுகிறவரை உருட்ட வேண்டும். முள் ஏறினால் ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் டீசல். பிடித்த பிறகும் வேகத்தைக் கூட்டுகிற த்ராட்டிலைத் தொடாமல் மெதுவாக ஓடவிட்டு, சூடு ஏறின பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும். காலையில் காபி தொண்டையில் இறங்காமல் உன்னிடம் யாராவது பேசினால் வீட்டையே ரெண்டாக்குவாய். சின்ன வயதில் உன்னை எழுப்புவதற்கே உன் அம்மா ஒரு தவம் இருக்க வேண்டும். உனக்கு மட்டும் நிதானம் வேண்டும், பத்து டன் இரும்பு மட்டும் கண் விழித்ததும் கச்சேரி செய்ய வேண்டும்.

உன் பெண்டாட்டியின் கை அன்று எங்கே இருந்தது என்று யோசித்துப் பார். நீ காட்டின ஒரு பிடியில் இருந்தது. தள்ளு என்றாய், தள்ளினாள். த்ராட்டிலில் இருந்தது யார் கை? சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்க வேண்டும் என்று அதை உச்சிக்கு இழுத்தது யார் கை? உலர்ந்து கிடந்த பேரிங்கின் மேல் முழு வேகத்தை ஏற்றிவிட்டு, மேளச் சத்தத்துக்குச் சமமாகச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைத்தான் சொன்னாள், பக்கத்தில் நின்ற பெண்ணைச் சொல்லவில்லை.

இந்த முட்டாள்தனம் உன்னோடு பிறந்தது இல்லை. சுதந்திரம் வந்து சில வருஷத்தில், குற்றாலத்துக்கு மேலே ஒரு கிராம்புத் தோட்டத்துக்கு ரோடு வெட்டினார்கள். நான் அங்கே வேலைக்குப் போவதற்கு முன்னாலேயே ஒரே வளைவில் இரண்டு தடவை மிஷின் இறுகி நின்றிருந்தது. அந்த வளைவில் இசக்கியம்மன் இருக்கிறாள், மிஷினை அடித்துவிட்டாள் என்று காண்ட்ராக்டர் முதலில் சேவல் அறுத்தார், அடுத்த தடவை கிடா வெட்டினார். கறியைத் தின்றது மேஸ்திரிகள், பழி இசக்கிக்கு. நான் போய்ப் பார்த்தால், மலையில் அந்த ஒரு வளைவில்தான் தரை சமமாக இருந்தது. சமமாக இருந்ததால் ஆயில் மாற்றுகிற வேலையெல்லாம் அங்கே வைத்துத்தான் நடந்தது. காலி பில்டரை மூடிவிட்டு, விடிகாலைக் குளிரில், ஒரே உதையில் கர்ஜிக்கவிட்டால் மிஷின் அங்கே நிற்காமல் வேறு எங்கே நிற்கும்? பேரிங் மாற்றிப் போட்ட பிறகும் அந்த மிஷினை யாரும் தொடப் பயந்ததால் என் தலையில் கட்டினார்கள். நான் பில்டரை நிரப்பி, முள் ஏறுகிறவரை உருட்டி, மெதுவாகப் பிடிக்கவைத்து, அதே வளைவிலிருந்து ஓட்டிக்கொண்டு போனேன். தோட்டத்து வாசல் வரைக்கும் ரோடு வந்துசேர்ந்தது. காண்ட்ராக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "இசக்கிக்கு ஒன்னயப் பிடிச்சுப் போச்சுலே, ஒனக்கு நல்ல கைராசி" என்றார். பில்டரை நான் நிரப்பியதை அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண் இருந்தும் பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஆண்டவன் கைராசி என்று ஒரு வார்த்தையைக் கொடுத்திருக்கிறான்.

உன் அம்மாவையும் இதில் சும்மா விட முடியாது. செண்பகத்தைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீ வந்து சொன்னதும், "அந்தப் பிள்ள வந்த நேரம் சரியில்லங்க" என்று ஆரம்பித்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் எங்கள் கறவை எருமை செத்துப்போனது. வந்தவள் கால் ராசி எருமையைக் கொன்றுவிட்டது என்று என் வீட்டு ஆட்கள் பேசினார்கள். எருமை செத்தது வயிறு ஊதி. ஈரம் காயாத கொழுந்துப் புல்லை எங்கள் சித்தப்பா அள்ளி அள்ளிப் போட்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் அன்று எடுத்துச் சொன்னேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிறது சரியாகத்தான் இருக்கிறது என்றேன். எழுந்து போனாள். அன்று ராத்திரிக் குழம்பில் உப்பை வாரிக் கொட்டியிருந்தாள். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் அவளே ஒரு தூக்குச்சட்டியில் பலகாரம் எடுத்துக்கொண்டு செண்பகத்தின் பிறந்த ஊரான மேலகரத்துக்கு நடந்தே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்கு உன்னைவிடச் சீக்கிரம் உறைக்கிறது.

ஆடி பிறந்தது உனக்கு வசதியாகப் போய்விட்டது. புதுப்பெண் ஆடிக்குப் பிறந்த வீடு போவது வழக்கம்தானே, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் போய் அழைத்துவர வேண்டும் என்பதும் அதே வழக்கம்தான், அது மட்டும் உனக்கு மறந்துவிட்டது. ஆவணி போய், புரட்டாசியும் பாதி போய்விட்டது. மேலகரத்தில் அவள் தண்ணீருக்குப் போனால், புருஷன் எப்போது வருகிறான் என்று கேட்பதற்கென்றே நாலு பேர் குடத்தோடு நிற்கிறார்களாம். சம்பந்தி போன வாரம் என்னைப் பார்க்க ஷெட்டுக்கு வந்தார். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்க உன் வீட்டுக்கு வரலாமா, வந்தால் உட்காரச் சொல்வாயா என்று என்னிடம் கேட்டார். நெல்லு வயலில் நிமிர்ந்து நிற்கிற மனிதர், என் முன்னால் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உன்னைப் பெற்றதற்காக நான் அன்றைக்கு வெட்கப்பட்டேன். தலைதீபாவளிக்கு நீ போய் நிற்காவிட்டால் அவள் வாழாவெட்டி என்று அந்த ஊர் முடிவு கட்டிவிடும். பிறகு நீ பொன்னால் மிஷின் வாங்கி நிறுத்தினாலும் அந்தப் பேச்சை அழிக்க முடியாது. இந்த நிலைமையில் நீ எனக்கு அனுப்பின சேதி என்ன? இஞ்சின் தயாராகிவிட்டதா, சரஸ்வதி பூஜையன்று மளிகைக்கடை அண்ணாச்சி கையால் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அவர் கைராசிக்காரர் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். அந்த அண்ணாச்சி குறித்துக் கொடுத்த நேரத்தில்தான் உன் இஞ்சின் செத்தது. அவர் ராசியைப் பற்றி யாரும் பேசக் காணோம். அவர் பெண்பிள்ளை இல்லை, அதனால் இருக்கும்.

இஞ்சின் தயாராகி, தோப்பில் நின்ற மிஷினையும் லாரியில் ஷெட்டுக்கு வரவழைத்துப் பூட்டியாகிவிட்டது. சேதி வந்த மறுநாளே நான் மேலகரம் போனேன். இந்த இஞ்சினை செண்பகம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றேன். சம்பந்தி பயந்துவிட்டார். "திரும்பவும் ஏதாச்சும் ஆயிட்டுன்னா எம் பிள்ளய ஊரே மென்னு தின்னுருமே" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த செண்பகம் முற்றத்துக்கு வந்து, அன்றைக்கு மிஷினில் உண்மையில் என்னதான் ஆனது என்று என்னிடம் கேட்டாள். மூன்று மாதத்தில் அவளிடம் அதைச் சொல்ல ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. பில்டர் காலியாக இருந்ததையும், ஆயில் போகும் முன் நீ வேகத்தை ஏற்றியதையும் சொன்னேன்.

"கல்லுல எண்ணெ தடவாம தோச ஊத்திட்டு, ஒட்டிக்கிட்டதுக்கு மாவாட்டுனவள ஏசுன கதையால்லா இருக்கு மாமா" என்றாள்.

நான் இத்தனை பக்கத்தில் எழுதியதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நீ அப்படிப்பட்டவளைத்தான் ராசியில்லாதவள் என்று அனுப்பி வைத்தாய்.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன், அதுவும் ராகு காலத்தில். வேண்டுமென்றேதான். தகப்பனோடு வந்தாள். பட்டுச்சேலை இல்லை, சாதாரண நூல்சேலை, முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். ஷெட் வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. மிஷின் இரண்டாம் தடவை சாவதைப் பார்க்க வந்த கூட்டம் அது. அதில் உன் கூட்டாளிகள் முகமும் இருந்தது, எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அவள் துணியை விரித்து ஆயிலை வடிகட்டினாள், பில்டர் கிண்ணத்தில் ததும்ப ஊற்றினாள், நான் மூடி போட்டு முறுக்கினேன். குட்டி இஞ்சினைக் கிளப்பிப் பெரிய இஞ்சினை உருட்டவிட்டேன். அவள் டீசலைத் திறக்கிற பிடியில் கை வைத்துக்கொண்டு கேஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் அடியில் படுத்துக் கிடந்தது. கூட்டத்தில் எவனோ, "பிடிக்காதுலே" என்றான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. முள் மெல்ல அசைந்து ஏறியது. நான் தலையாட்டினேன், அப்போதும் அவள் தள்ளவில்லை. முள் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் தள்ளினாள். ஆர்ப்பாட்டமே இல்லாமல் பிடித்துக்கொண்டது. கர்ஜனை கேட்க வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம், ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். சம்பந்தி மட்டும் ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து உன் மிஷின் தினமும் எனக்குத் தெரிந்த ஒரு வயலில் மண் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒரு தட்டல் கிடையாது. சரஸ்வதி பூஜைக்கு அதை உன்னிடம் அனுப்ப மாட்டேன். அண்ணாச்சி கைராசியை அவர் புளி மூட்டையில் காட்டிக்கொள்ளட்டும். மிஷின் வேண்டுமானால் நீ வந்து ஓட்டிக்கொண்டு போகலாம், அது உன்னுடையது. ஆனால் முதலில் மேலகரம் போ. வண்டி பிடிக்காதே, தெரு வழியாக நடந்து போ. குடத்தோடு நிற்கிறவர்கள் பார்க்கட்டும். அவர்கள் காதில் விழுகிற மாதிரி, பில்டரை நிரப்பாமல் விட்டவன் நான்தான் என்று அவளிடம் சொல். அவள் வருவாள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவள் என் மருமகள், என் ஷெட்டில் கிடக்கிற சாமான் இல்லை, எடுத்துக் கொடுப்பதற்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை கை கழுவிக்கொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன், அவன் வந்து கூப்பிட்டால் போவாயா அம்மா என்று. ஆயில் போக நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"வரட்டும் மாமா. வந்து நிக்கட்டும். முள்ளு ஏறுதான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

இப்படிக்கு,
உன் அப்பா